நொய்யரிசியில் நடத்திய பாடம்

1926ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதினான்காம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். ரங்கூனில் மூன்று நாளாக விடாத மழை. போட்டாதாங்கில் ஒரு பள்ளிக்கூட வாசலில் ரிக்‌ஷாவிலிருந்து ஒரு கோணிப்பையையும், கயிற்றால் கட்டிய இருபத்துநான்கு தகரத் தட்டுகளையும் இறக்கிக்கொண்டிருந்தேன். கையில் ஒரு குடைதான் இருந்தது. எனக்குப் பிடிப்பதா, பைக்குப் பிடிப்பதா என்று யோசித்துப் பைக்குப் பிடித்தேன். அப்படியும் பையின் அடிப்பாகம் நனைந்துவிட்டது. ரிக்‌ஷாக்காரன் ஆறணா கேட்டான். வெயில் நாளில் அது மூன்றணா தூரம். பேரம் பேச நேரமில்லை. ஒன்பதரைக்கு எனக்குப் பரீட்சை.

எழுதுகிற பரீட்சை அல்ல. எழுத்துப் பரீட்சை எதிலும் நான் தவறியதில்லை. கணிதத்தில் பி.ஏ. தேறிவிட்டுக் கப்பலேறியவன். இது பாடம் நடத்திக் காட்டும் பரீட்சை. முன்பின் தெரியாத ஒரு வகுப்பு, நாற்பது நிமிடம், பின்வரிசையில் மூன்று பரீட்சகர்கள். அவர்கள் தேறினான் என்று எழுதினால் ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்கான பயிற்சிச் சான்றிதழ் கிடைக்கும். எழுதாவிட்டால் கிடைக்காது. பட்டதாரிகளுக்கு இரண்டு முறைதான் வாய்ப்பு. முதல் முறை சென்ற ஆண்டே போய்விட்டது. இது இரண்டாவது.

ரங்கூனிலேயே லான்மடா பகுதியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் தற்காலிக ஆசிரியனாக இருந்தேன். சான்றிதழ் இல்லாத ஆசிரியருக்கு அரசாங்கம் மானியம் தராது. தலைமையாசிரியர் நல்ல மனிதர். ஒரு வருஷம் பொறுத்தார். "இந்தத் தடவை பாஸ் பண்ணிடும். இல்லேன்னா ஜூலை கடைசியோட வேற ஆளைப் போட வேண்டியதுதான். பேப்பர் வச்சிருக்கிறவர் ஒருத்தர் வாசல்ல காத்துக்கிட்டிருக்கார்" என்று ஏப்ரலிலேயே சொல்லிவிட்டார்.

என்னோடு அறையில் இருந்தவர் ஓர் அரிசி ஆலையில் குமாஸ்தா. எங்கள் அறையில் நான்கு பாய், மூன்று பேர், ஒரு ஜன்னல். அவர் சிரிப்பார். "பி.ஏ. படிச்ச மனுஷன், சின்னப் பசங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் பரீட்சை எழுதணுமா? எங்க ஆபீசுக்கு வாரும் வாத்தியாரே. மூட்டை எண்ணுறதுக்கு எந்தப் பேப்பரும் வேண்டாம்."

எனக்கு மூட்டை எண்ணப் பிடிக்கவில்லை. கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு புரிகிற கணத்தில் ஒரு பிள்ளை 'ஹா' என்று சின்னதாக ஒரு மூச்சு விடும். அதுவரை இறுக்கிப் பிடித்திருந்த பலப்பம் தளரும். முந்தைய ஆண்டு என் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். இருபத்தாறு பேரின் மூச்சை என் காதால் கேட்டேன். மற்ற ஐந்து பேருக்கும் புரிந்திருக்கலாம். நான் கவனிக்காமல் விட்டிருக்கலாம். எப்படியானாலும், நான் உலகத்தில் செய்யத் தெரிந்த ஒரே காரியம் அதுதான் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் வேறு எதுவும் தோன்றவில்லை.

பயிற்சி வகுப்பு மாலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை நடக்கும். ஆண்டுச் சம்பளம் முப்பது ரூபாய். இரண்டு ஆண்டும் கட்டினேன். பரீட்சைக் கட்டணம் ஒவ்வொரு முறையும் ஐந்து ரூபாய். குழந்தை மனத்தைப் பற்றிய புத்தகம், பள்ளி நிர்வாகத்தைப் பற்றிய புத்தகம், பாடக் குறிப்பு எழுதும் கோடிட்ட நோட்டுகள், எல்லாவற்றுக்கும் ஏழரை ரூபாய். எந்தப் பாடத்தையும் ஐந்து கட்டமாகப் பிரிக்க வேண்டும்: ஆயத்தம், எடுத்துக்காட்டல், ஒப்பிடல், பொதுவிதி காணல், பயன்படுத்தல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் சென்ற ஆண்டு கழித்தல் கணக்கை நடத்தியபோது, நாற்பது நிமிடத்தில் இருபத்தொன்பது நிமிடம் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையோடு பேசினேனாம். பரீட்சகர்களில் ஒருவர் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறார். எண்ணுகிறவனை இன்னொருவன் எண்ணிவிட்டான்.

"பிள்ளையோட கை வேலை செய்யணும். உம்ம வாய் இல்லை" என்று பயிற்சி ஆசிரியர் சொன்னார்.

அதனால் இந்த முறை கரும்பலகையே வேண்டாம் என்று முடிவு செய்தேன். முதல் வகுப்புக்கு எழுத்துப் பாடம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தட்டு, தட்டில் மணல், மணலில் விரலால் எழுதுவது. மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தட்டு செய்ய ஒரு தகரக்காரரிடம் சொன்னேன். ஒன்று இரண்டணா; இருபத்துநான்கு தட்டுக்கு மூன்று ரூபாய். ஓரத்தை மடக்கித் தரச் சொல்லி இரண்டு தடவை நடந்தேன், பிள்ளைகள் கையைக் கிழித்துக்கொள்ளக் கூடாதே என்று.

மணல்தான் தகராறு செய்தது. ஜூன் மாதத்தில் ரங்கூனில் காய்ந்த மணலுக்கு எங்கே போவது? அடுப்பில் வறுத்துப் பார்த்தேன். ஆறினதும் மறுபடி ஈரம் கோத்துக் கட்டி தட்டியது. விரல் வைத்தால் கோடு விழவில்லை, குழி விழுந்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நம்மில் யார் மணலில் எழுதத் தொடங்கினார்கள்? விஜயதசமியன்று தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில்தானே எல்லோருக்கும் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதவைக்கிறார்கள்? எனக்கும் அப்படித்தான். பரீட்சகர்களுக்குப் புதுமையாகவும் இருக்கும். நம் வழக்கமாகவும் இருக்கும்.

அறைக்காரர் ஆலையிலிருந்து ஆறு படி நொய் கொண்டுவந்து கொடுத்தார். படி ஓரணா, ஆறணா வாங்கிக்கொண்டார்.

"இந்த ஊர்ல மணலுக்குத்தான் பஞ்சம். அரிசி தெருவுல கெடக்கு. எழுதும், வாத்தியாரே, நல்லா எழுதும்" என்றார்.

வெள்ளிக்கிழமை லான்மடாவில் என் வகுப்பிலேயே ஒத்திகை பார்த்தேன். எல்லோரும் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அரிசி கீழே அதிகம் சிந்தவில்லை. சிந்திய இரண்டு மணியையும் ஒரு பையன் பொறுக்கித் தட்டில் போட்டு, "அரிசியைக் கொட்டினா எங்க அம்மா முதுகுல வைப்பாங்க சயா" என்றான். ரங்கூனில் ஆசிரியரைத் தமிழ்ப் பிள்ளைகளும் பர்மியரைப் போலச் சயா என்றுதான் கூப்பிடுவார்கள். பாடம் முப்பத்தெட்டு நிமிடத்தில் முடிந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் அது பயத்தினால் அல்ல. அந்த இரண்டு நாளைப்போல நம்பிக்கையாக நான் அதற்குப் பிறகு இருந்ததில்லை.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். என்ன வகுப்பு, எத்தனை பிள்ளைகள் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்வார்கள். பிள்ளைகளை அன்று காலையில்தான் பார்க்க முடியும். எனக்குக் கொடுத்தது அந்தப் பள்ளிக்கூடத்தின் முதல் வகுப்பு. இருபத்துநான்கு பிள்ளைகள், பதினைந்து பையன்கள், ஒன்பது பெண்கள். எல்லோரும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகள். அரிசி ஏற்றுமதிக் காலம் முடிந்து, கப்பல் குறைந்து, இருந்த வேலையும் மழையால் நின்றிருந்தது. மூட்டை ஏறினால்தான் மேஸ்திரி கூலி கொடுப்பார். இது போட்டாதாங்கில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் அன்று காலை என் தலைக்குள் ஐந்து கட்டங்களைத் தவிர வேறு எதுவும் இல்லை.

பரீட்சகர்கள் வந்தார்கள். ஒருவர் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர். ஒருவர் வேறொரு தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியர். அங்கவஸ்திரம் போட்டவர், வாய் துடுக்கு. மூன்றாமவர் வயதான பர்மியர். அவரை எல்லோரும் சயாஜி என்பார்கள், பெரிய ஆசிரியர். அவர் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்து, பர்மிய பாஷையில், "சோறு சாப்பிட்டாச்சா?" என்றார். பர்மியர் யாரைக் கண்டாலும் முதலில் கேட்பது அதுதான். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பதில் ஒன்றுதான்.

"சாப்பிட்டாச்சு!" என்று இருபத்துநான்கு குரலும் ஒரே ராகத்தில் பர்மிய பாஷையிலேயே பதில் சொன்னது. நல்ல பழக்கமுள்ள வகுப்பு என்று எனக்குச் சந்தோஷம்.

தட்டுகளைக் கொடுத்தேன். தட்டுக்கு ஓர் ஆழாக்கு நொய், தலை தட்டி அளந்து போட்டேன். ஆக மூன்று படி. மீதி மூன்று படி நனைந்த பையிலேயே இருந்தது. பாடம் 'ட' எழுத்து. ஒரு கோடு கீழே இறங்கி, வலப்பக்கம் திரும்பினால் 'ட'. வலது பக்கம் இன்னொரு கோடு நிறுத்தினால் 'ப'. புதிய முறையில் அகரத்தில் தொடங்குவதில்லை. கைக்கு எளிதானதில் தொடங்குவார்கள். முதல் இரண்டு கட்டம் பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. வகுப்பில் சத்தமே இல்லை. என் வாழ்நாளில் அவ்வளவு அமைதியான முதல் வகுப்பை நான் பார்த்ததில்லை. இன்ஸ்பெக்டர் தலையசைத்து ஏதோ எழுதிக்கொண்டதைக் கடைக்கண்ணால் பார்த்தேன்.

பிள்ளைகள் விரலை நாக்கில் வைப்பதையும் பார்த்தேன். ஸ்லேட்டில் எழுதுகிற பிள்ளைகள் எச்சில் தொட்டு அழிப்பார்கள். அந்தப் பழக்கம் என்று நினைத்தேன். "எச்சில் தொடாதீங்க. எச்சில் இல்லாமலே அழியும்" என்றேன். "ம்" என்றார்கள். மறுபடியும் விரல் வாய்க்குப் போனது.

"இப்ப எல்லாரும் 'ட'வை அழிச்சிட்டு, 'ப' எழுதுங்க பார்ப்போம்."

முன்வரிசையில், கன்னத்தில் தேமல் உள்ள ஒரு பெண் எழுதவில்லை. அருகே போனேன். அவள் தட்டில் தகரம் தெரிந்தது. வெறும் தகரம். மூலையில் ஏழெட்டு மணி ஒட்டிக்கொண்டிருந்தது.

"எழுத்து எங்கே?"

"அழிக்கச் சொன்னீங்களே சயா."

"அரிசி எங்கேம்மா?"

அவள் வாயை மூடிக்கொண்டு மென்றாள். பக்கத்திலிருந்த பையன் அவளுக்காகப் பேசினான். "வெள்ளிக்கிழமையிலிருந்து கப்பலே வரல சயா. எங்க வீட்டுல நேத்துலேருந்து அடுப்பு மூட்டல. இவ வீட்டுல அதுக்கு முந்தியே இல்ல." பிறகு, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "நான் எழுதிட்டுத்தான் சயா தின்றேன்" என்றான்.

நிமிர்ந்து பார்த்தேன். இருபத்துநான்கு தட்டிலும் அதேதான். சிலதில் பாதி, சிலதில் கால். பின்னால் என் பயிற்சி வகுப்பின் சக மாணவர்கள் பதினோரு பேர், குறை எழுதும் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

அங்கவஸ்திரக்காரர் தமிழில் கேட்டார்: "என்ன ஓய், பாடம் நடத்துறீரா, பந்தி நடத்துறீரா?"

இன்ஸ்பெக்டருக்கு எதுவும் விளங்கவில்லை. இங்கிலீஷில், "மேலே நடத்தும்" என்றார்.

அந்த வாய் துடுக்கானவர் என்மேல் விரோதமாக இருந்தார் என்று சொல்ல முடியாது. குரலைத் தாழ்த்தி, "தட்டை வாங்கி அடுக்கும் ஓய். இன்னும் பதினேழு நிமிஷம் இருக்கு. போர்டுல போட்டு முடிச்சிடும். நான் பார்த்துக்கறேன்" என்றார். அவர் சொன்னது சரி. சாக்கட்டி என் சட்டைப்பையிலேயே இருந்தது. தட்டுகளை வாங்க மூன்று நிமிடம், மீதிக் கட்டங்களுக்குப் பதினான்கு நிமிடம். கணக்கு சரியாக வந்தது. அந்தச் சிறு கணக்கில் என் சான்றிதழ் இருந்தது.

தேமல் விழுந்த பெண்ணின் தட்டைப் பிடித்தேன். அவளும் பிடித்துக்கொண்டாள். அழவில்லை, இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தாள், அவ்வளவுதான். அந்தத் தட்டில் மிஞ்சியது ஏழெட்டு மணி. வலுவாக இழுத்தால் வந்துவிடும். ஐந்து வயதுக் கை.

என்னால் இழுக்க முடியவில்லை. இரக்கப்பட்டு விட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. கை ஓடவில்லை, வாயும் ஓடவில்லை, கரும்பலகை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே மறந்துவிட்டது. தட்டை விட்டுவிட்டு நடுவகுப்பில் நின்றேன். பிறகு என் குரல் தானாக, "'ப' எழுதுங்க" என்றது. கொஞ்சம் பொறுத்து, "'ட' எழுதுங்க" என்றது. அவர்களும் பணிவான பிள்ளைகள், மறுக்கவில்லை. எழுதிவிட்டுத் தின்றவர்கள் ஒன்பது பேர். எழுதாமல் தின்றவர்கள் பதினைந்து பேர். பச்சை நொய்யைக் கடிக்கிற சத்தம், வெளியே மழைச் சத்தம். பதினேழு நிமிடம் அப்படி நின்றேன். மணி அடித்தபோது எந்தத் தட்டிலும் ஒன்றும் இல்லை.

இன்ஸ்பெக்டர் எழுந்து போனார். அங்கவஸ்திரக்காரர் என்னைப் பார்க்காமல் போனார். சயாஜி மட்டும் முன்வரிசையில் நின்று, குனிந்து, அந்தப் பெண்ணிடம் அதே பர்மியக் கேள்வியை மறுபடி கேட்டார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"சோறு சாப்பிட்டாச்சா?"

அவள் வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். "இப்பத்தான் சயாஜி" என்றாள்.

அவரும் எழுந்து போய்விட்டார். அவர் எனக்காகப் பேசியிருப்பார் என்று மூன்று வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். பேசினாரோ என்னவோ. மழை விட்ட ஒரு நாள் பயிற்சி வகுப்பின் பலகையில் முடிவு ஒட்டினார்கள். என் எண்ணுக்கு எதிரே மூன்று வாக்கியம். உபகரணம் பொருத்தமற்றது. வகுப்பு கட்டுப்பாட்டில் இல்லை. தேறவில்லை. பன்னிரண்டு பேரில் தேறாதவன் நான் ஒருவன். சிரித்த இரண்டு பேரும் தேறியிருந்தார்கள். அவர்கள் பின்னாளில் நல்ல ஆசிரியர்களாகவே இருந்தார்கள் என்று கேள்வி. அதையும் சொல்ல வேண்டும்.

லான்மடா தலைமையாசிரியருக்கு வருத்தம்தான். "பிள்ளைங்களுக்கு உம்மைப் பிடிச்சிருக்கு. ஆனா மானியத்துக்கு அது போதாதே" என்றார். ஜூலை முப்பத்தொன்று, சனிக்கிழமை, கடைசி நாள். அன்று இருபத்தெட்டுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். மூன்று பேருக்குக் காய்ச்சல். எனக்குப் பதிலாக வந்தவர் வாசலிலேயே நின்றார், சான்றிதழ் சுருட்டிய குழலோடு. வருகைப் பதிவேட்டை அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "மக்குப் பசங்க யார் யாரு, சொல்லிடுங்க" என்றார். யாருமில்லை என்றேன். நம்பாமல் சிரித்தார்.

அறைக்காரர் சொன்னபடியே ஆயிற்று. ஆகஸ்டு மாதம் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலையில் சேர்ந்தேன். ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு, நான்கு கோட்டின் குறுக்கே ஒரு கோடு. ஜப்பான் சண்டை வந்து குண்டு விழும்வரை பதினைந்து ஆண்டு அதே வேலை. எந்த மூட்டையும் 'ஹா' என்று மூச்சு விட்டதில்லை. தூக்கிப் போகிறவர்கள்தான் மூச்சு விட்டார்கள், வேறு விதமாக. அவர்களில் யார் அந்த இருபத்துநான்கு பேரில் ஒருவருடைய தகப்பன் என்று பார்ப்பேன். கேட்டதில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? பிற்காலத்தில் அவர்களே வளர்ந்து மூட்டை தூக்க வந்திருப்பார்கள். அவர்களையும் எண்ணியிருப்பேன்.

இப்போது எனக்கு எழுபத்தொன்று. ரங்கூனை ஒட்டிய தாகேதாவில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். காலையில் பிள்ளைகள் கூட்டாக எழுத்துச் சொல்லும்போது ஜன்னலைச் சாத்திவிடுவேன். மகள், "காற்று வேண்டாமாப்பா? புழுங்குதே" என்பாள். வேண்டாம் என்பேன். பர்மிய எழுத்துதான் சொல்கிறார்கள். அது இல்லை காரணம். ஒரு பிள்ளை தப்பாகச் சொன்னால் என் வாய் தானாகத் திருத்தப் பார்க்கிறது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அது நிற்கவில்லை. அதற்கு உரிமையில்லை என்று எழுதி ஒட்டியாகிவிட்டது.

தட்டுகளைத் திருப்பிக் கேட்க நான் போகவில்லை. பையில் நனைந்த மூன்று படி நொய்யும் இரண்டாம் நாளே புளித்து நாறிவிட்டது. அறைக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்க் கொட்டினார்.

அந்தச் சான்றிதழைப் பெறாமல் போனதற்கு எனக்கு என்ன செலவானது என்று பல தடவை கூட்டிப் பார்த்திருக்கிறேன். இரண்டு ஆண்டுப் பயிற்சிச் சம்பளம், இரண்டு பரீட்சைக் கட்டணம், புத்தகமும் நோட்டும், தட்டுகள், நொய், ரிக்‌ஷா. ஒவ்வொரு தடவையும் எண்பத்தொரு ரூபாய் நான்கணா வருகிறது. ஆனால் மூன்று படி நொய்யைப் பிள்ளைகள் தின்றுவிட்டார்கள். அந்த மூன்றணாவை நஷ்டத்தில் எழுத எனக்கு மனம் வருவதில்லை. அதைக் கழித்தால், எண்பத்தொரு ரூபாய் ஓரணா.